ஊருக்கு ஓர் ஆம்புலன்ஸ்: கொங்கு நாட்டுக் கிராமங்களுக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 சேவை இன்று எல்லா மாவட்டங்களிலும் கட்டணமின்றி ஓடுகிறது. பிரசவித்த தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவந்து சேர்க்க 102 இருக்கிறது. அப்படியிருக்க ஊர்க்காரர்கள் சேர்ந்து தனியாக ஓர் ஆம்புலன்ஸ் நடத்தத்தான் வேண்டுமா என்று ஊர்க்கூட்டத்தில் யாரேனும் கேட்டால், அவரை அடக்கிவிடாமல் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் உங்கள் சேவையின் வடிவம் அமையும்.

கொங்கு நாட்டில் வீடுகள் ஊருக்குள் மட்டும் இல்லை. தோட்டத்துச் சாளைகள், அதாவது தோட்டத்திலேயே இருக்கும் வீடுகள், காடு காடாகச் சிதறிக் கிடக்கின்றன. தாராபுரத்துக்குத் தெற்கேயோ, காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையிலோ, அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையிலோ பக்கத்தில் நிற்கும் ஒரே 108 வண்டி ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு மாவட்ட மருத்துவமனைக்குப் போயிருக்கும் நேரத்தில் இரண்டாவது அழைப்பு வந்தால், அடுத்த வண்டி வெகு தொலைவிலிருந்துதான் வந்தாக வேண்டும். வந்தாலும், பிரதான சாலையிலிருந்து இட்டேரி எனப்படும், வேலிகளுக்கு இடையே செல்லும் குறுகிய தோட்டப் பாதைக்குள் எந்த இடத்தில் திரும்புவது என்று வெளியூர் ஓட்டுநருக்குத் தெரியாது. வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்வரும் முதியவரையும், இடுப்பெலும்பு அறுவை முடிந்து வீடு திரும்பும் ஆத்தாவையும் படுக்கையிலேயே அழைத்துச் செல்வது அவசர அழைப்புக்கான 108 வண்டியின் வேலையும் அல்ல. இந்த இடைவெளிகளை நிரப்புவதற்குத்தான் ஊர் ஆம்புலன்ஸ். 108-க்குப் போட்டியாக நிற்க முயன்ற அமைப்புகள் நிலைத்ததை நான் பார்த்ததில்லை. அதற்குத் துணையாக நின்றவை நிலைத்திருக்கின்றன.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். நன்கொடை திரட்டி ஒரு வண்டி வாங்குவதற்கு நம் ஊர்களில் சில மாதங்கள் போதும். அந்த வண்டி மூன்றாம் ஆண்டிலும் இரவு இரண்டு மணிக்கு ஆளோடும் ஆக்சிஜனோடும் புறப்படுமா என்பதுதான் உண்மையான சோதனை. கோயில் மைதானத்தின் ஓரத்தில் டயர் இறங்கி நிற்கும் வண்டிகள், வாங்கியவர்களின் மனம் நல்லதாக இல்லாததால் நின்றுபோனவை அல்ல. மாதச் செலவை யாரும் முன்கூட்டிக் கணக்குப் போடாததால் நின்றவை.

முதல் வேலை: தேவையை அளப்பது

வண்டிக் கடைக்குப் போவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருத்துவ அலுவலரையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் பார்த்து, கடந்த ஓராண்டில் உங்கள் சுற்றுவட்டாரத்தில் நடந்த அவசர நேர்வுகளை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். என்ன நேர்ந்தது, எந்த நேரத்தில், எந்த வண்டியில் போனார்கள், எந்த மருத்துவமனைக்கு, எவ்வளவு நேரமானது என்ற ஐந்து கேள்விகள் போதும். பிறகு உங்கள் மாவட்டத்தின் 108 அலுவலகத்தில் வண்டிகள் எங்கெங்கே நிறுத்தப்படுகின்றன என்று கேட்டுப் பட்டியலின் பக்கத்தில் குறியுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எந்தக் கிராமம் எந்த நேரத்தில் கைவிடப்பட்டு நிற்கிறது என்பது தெளிவாகத் தெரியும். பல இடங்களில் இரவு நேர ஓட்டமும், மருத்துவமனைக்கு மருத்துவமனை மாற்றும் ஓட்டமும்தான் பெரிய குறையாக இருக்கும். பகலில் மட்டும் குறை என்றால் அதற்கேற்பப் பகல்நேரச் சேவையாகவே தொடங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லையை வரையும்போது ஆசைப்படாதீர்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து இருபது நிமிடத்தில் போய்ச்சேர முடியாத ஊருக்கு வருவதாக வாக்குக் கொடுத்தால், அந்த ஊரார் 108-ஐ அழைக்காமல் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு உயிரை வாங்கிவிடும்.

அமைப்பும் பதிவும்

வண்டியைத் தனி ஒருவர் பெயரில் வாங்கக் கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் காலத்துக்குப் பின் வண்டி வாரிசுரிமைச் சொத்தாகிவிடும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதியலாம், அல்லது அறக்கட்டளையாகப் பத்திரம் எழுதிப் பதியலாம். ஊர்ப்பொது என்ற உணர்வும் ஆண்டுதோறும் பொதுக்குழுவும் வேண்டும் என்பதால் சங்கமே பொருத்தம் என்பது என் கருத்து. நிர்வாகக் குழுவில் ஒரே சாதியார், ஒரே கட்சியார், ஒரே பங்காளிக் கூட்டத்தார் நிறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரின் ஒரு பகுதி மக்கள் அழைக்கத் தயங்கும் வண்டியை ஊர் வண்டி என்று சொல்ல முடியாது.

பதிவு முடிந்ததும் பான் எண், வங்கிக் கணக்கு, வருமான வரி விலக்குக்கும் நன்கொடையாளரின் வரிச்சலுகைக்கும் உரிய பதிவுகள் (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12ஏ, 80ஜி எனப்பட்டவை) ஆகியவற்றுக்கு ஒரு கணக்காய்வாளரிடம் போங்கள். திருப்பூர் பின்னலாடை நிறுவனங்கள், கோவை எந்திரத் தொழிற்சாலைகள், பெருந்துறை சிப்காட் ஆலைகள் ஆகியவற்றில் சமூகப் பொறுப்பு நிதி ஒதுக்க வேண்டிய அளவுக்குப் பெரியவை உண்டு. இந்தப் பதிவுகள் இல்லாமல் அவை அந்த நிதியிலிருந்து உங்களுக்குப் பணம் கொடுக்க முடியாது.

எந்த வண்டி?

இந்தியாவில் ஆம்புலன்ஸ் வண்டிகளுக்கு ஏ.ஐ.எஸ். 125 என்ற தரவரையறை உண்டு. அதில் நோயாளியைப் படுக்க வைத்து ஏற்றாமல் இடத்திலேயே முதலுதவி தரும் ஊர்தி (இருசக்கர வண்டி போன்றது) ஏ வகை, நோயாளியைக் கொண்டு செல்வதற்கு மட்டுமான வண்டி பி வகை, அடிப்படை உயிர்காப்பு வசதி உள்ளது சி வகை, வென்டிலேட்டர் உள்ளிட்ட உயர்நிலை வசதி உள்ளது டி வகை. ஊர் அமைப்புக்கு சி வகை போதும். டி வகை வண்டியை வாங்கிவிட்டு அதில் ஏறத் தகுதியுள்ள ஆள் இல்லாமல் வைத்திருப்பதைவிட, சி வகை வண்டியில் நன்றாகப் பயிற்சி பெற்ற ஒருவரை உட்கார வைப்பது எவ்வளவோ மேல்.

ஃபோர்ஸ் டிராவலர், டாடா விங்கர் போன்றவற்றில் உதவியாளர் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து வேலை செய்ய இடம் கிடைக்கும், உயரமும் போதுமானதாக இருக்கும். ஆனால் கிளுவை வேலி இருபுறமும் நெருக்கும் இட்டேரியில் அவை நுழையுமா என்பதை வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். விற்பனையாளரிடம் சோதனை ஓட்டத்துக்கு வண்டி கேட்டு, நெடுஞ்சாலையில் ஓட்டாமல் உங்கள் எல்லையிலேயே மிகக் குறுகலான மூன்று வழிகளில் ஓட்டுங்கள். திரும்ப இடமில்லாமல் பின்னோக்கியே வர வேண்டிய வழிகள் எவை என்பதும் அப்போதே தெரிந்துவிடும். மாருதி ஈக்கோ போன்ற சிறு வண்டி எல்லா வழியிலும் நுழையும், ஆனால் ஓடும் வண்டிக்குள் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்க அதில் இடம் போதாது. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலை, 40 வளைவுகள் உள்ள ஆழியாறு–வால்பாறை சாலை, 27 வளைவுகள் உள்ள திம்பம் ஆகிய மலைப்பாதைகளில் ஓட வேண்டியிருந்தால் இழுவைத் திறனையும் பிரேக்கையும் முதலில் பாருங்கள், உள்ளலங்காரம் பிறகு.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆம்புலன்ஸ் என்றே பதிவு செய்ய வேண்டும். ஆம்புலன்ஸ் பணிக்கு மட்டுமே பயன்படும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை, ஆனால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று தேவை. இன்சூரன்ஸ் எடுக்கும்போது நோயாளி, உடன்வருபவர், உதவியாளர் எல்லோருக்கும் பாதுகாப்பு உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.

ஆட்கள்: கணக்குப் பிசகும் இடம்

ஒரு வாரத்தில் 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்தால், ஓட்டுநர் இருக்கை ஒன்றை இரவும் பகலும் நிரப்ப மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பு, காய்ச்சல், வீட்டு விசேஷம் எல்லாம் சேர்த்தால் நான்கு பேர். உதவியாளர் இருக்கைக்கும் நான்கு பேர். ஆக, ஒரு வண்டிக்கு எட்டுப் பேர். இரண்டு ஓட்டுநர்களை வைத்துக்கொண்டு இருபத்து நான்கு மணி நேரச் சேவை என்று வண்டியில் எழுதினால், தூக்கம் இல்லாத ஒருவர் கையில் நோயாளியையும் எதிரே வருபவர்களையும் ஒப்படைக்கிறோம் என்றுதான் அதற்குப் பொருள்.

எடுத்துக்காட்டாக, ஆளுக்கு மாதம் 18,000 ரூபாய் என்று வைத்தால் சம்பளம் மட்டும் 1,44,000 ரூபாய். வண்டி மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால் 200 லிட்டர் டீசல், அதாவது இருபதாயிரம் ரூபாய்க்குள். நன்கொடையாளர்கள் எல்லோரும் டீசலைப் பற்றியே கேட்பார்கள். நிர்வாகிகள் சம்பளத்தைப் பற்றி வாய்திறந்து பேசப் பழக வேண்டும். எட்டுப் பேருக்குக் கொடுக்க முடியாதென்றால், இரவில் மட்டும் ஓடும் சேவையாகத் தொடங்கி, ஊதியம் பெறும் நால்வரோடு பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். தன்னார்வலர்களை மட்டுமே நம்பினால், வெங்காய அறுவடையும் மஞ்சள் வெட்டும் தொடங்கியவுடன் வண்டியில் ஆள் இருக்காது.

ஓட்டுநரைத் தேர்ந்தெடுக்கும்போது வேகமாக ஓட்டுபவரைத் தேடாதீர்கள். குலுங்காமல் ஓட்டுபவரைத் தேடுங்கள். ஒரு டம்ளரில் தண்ணீர் நிரப்பித் தளத்தில் வைத்து, வேகத்தடைகள் உள்ள சாலையில் ஓட்டச் சொல்லிப் பார்த்தாலே போதும். அந்த வண்டிக்குரிய ஓட்டுநர் உரிமமும், கண் பரிசோதனையும், மதுப்பழக்கம் இல்லை என்ற உறுதியும் கட்டாயம். சைரன் போட்டால் சட்டம் பொருந்தாது என்று சிலர் நினைக்கிறார்கள். அவசர ஊர்திக்கு விதிகளில் விலக்கு உண்டு என்றாலும், பிறருக்கு ஆபத்து நேராமல் அதைப் பயன்படுத்தும் பொறுப்பு ஓட்டுநருடையதுதான். வழிவிடாதவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவின்கீழ் 10,000 ரூபாய் அபராதம் உண்டு, ஆனால் அதை நம்பிக்கொண்டு சந்திப்பில் பாயக் கூடாது.

உதவியாளராக நர்சிங் அல்லது அவசர மருத்துவத் தொழில்நுட்பம் படித்தவர்கள் கிடைத்தால் நல்லது. ஓட்டுநர் உட்பட எல்லோருமே அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்சை அழுத்துவதைப் பொம்மையின்மேல் மாதம் ஒருமுறையாவது செய்து பார்க்காதவரின் கைக்கு உரிய நேரத்தில் அது வராது.

பணம்

மாதச் செலவில் குறைந்தது பாதியை நிலையான வரவாக உறுதி செய்த பிறகே வண்டியை வாங்குங்கள். குடும்பத்துக்கு மாதம் ஐம்பது, நூறு என்ற சந்தாதான் நான் அறிந்தவரை மிகவும் நம்பகமானது. பால் கூட்டுறவுச் சங்கம், விசைத்தறி உரிமையாளர்கள், தேங்காய் நார் ஆலைகள், அரிசி ஆலைகள், கோழிப்பண்ணைகள் ஆகியோரிடம் ஆண்டுச் சந்தா பேசலாம். சந்தா கட்டாதவர் வீட்டுக்கு வண்டி போகாது என்ற விதியை மட்டும் எக்காரணம் கொண்டும் எழுதாதீர்கள். டயாலிசிஸ், பரிசோதனை, வீடு திரும்புதல் போன்ற அவசரமற்ற ஓட்டங்களுக்குக் கிலோமீட்டர் கணக்கில் கட்டணம் வாங்கலாம், அந்த விகிதத்தை வண்டியின் உட்பக்கத்தில் ஒட்டிவையுங்கள். வண்டி வாங்கிய நாளிலிருந்தே அடுத்த வண்டிக்காக மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்கப்பட வேண்டும்.

கமிஷனைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும். நோயாளியைத் தம்மிடம் கொண்டுவரும் ஓட்டுநருக்குப் பணம் கொடுக்கும் தனியார் மருத்துவமனைகள் உண்டு. அந்தப் பணத்தை ஒருமுறை வாங்கினாலும், எந்த மருத்துவமனை என்ற முடிவு நோயாளிக்காக எடுக்கப்படுவதாக இருக்காது. பணிநியமனக் கடிதத்திலேயே இதற்கு வேலைநீக்கம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூடவே, பணம் தேவைப்படாத அளவுக்கு ஓட்டுநருக்கு ஊதியமும் கொடுங்கள்.

தோட்டப் பதிவேடு

ஊர் ஆம்புலன்ஸால் மட்டுமே செய்ய முடிகிற வேலை இது, எனவே இதற்குத்தான் அதிக உழைப்பைக் கொடுக்கச் சொல்கிறேன். நம் தோட்டங்களுக்குத் தெருப்பெயரும் கதவு எண்ணும் பெரும்பாலும் பயன்படுவதில்லை. கள்ளிக்காட்டுத் தோட்டம், மேட்டுத் தோட்டம், வாய்க்கால் சாளை என்ற பெயர்களே வழங்குகின்றன. ஒரே பெயரில் மூன்று தோட்டங்கள் இருக்கவும் கூடும்.

எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு சாளைக்கும் ஒருமுறை நேரில் போய், தோட்டப் பெயர், குடும்பத் தலைவர் பெயர், இரண்டு கைபேசி எண்கள், பக்கத்து மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண், வண்டி நுழையும் வழி, வண்டி நிற்க வேண்டிய இடம், காவல் நாய் உண்டா, மழைக்காலத்தில் சேறாகுமா, வாய்க்கால் மதகுப் பாலம் வண்டியைத் தாங்குமா என்பவற்றை எழுதுங்கள். கைபேசியில் அந்த இடத்தின் வரைபடக் குறியைச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு சாளைக்கு ஓர் எண் கொடுத்து, அதைத் தகரத்தில் ஒளி பிரதிபலிக்கும் வண்ணத்தில் எழுதி இட்டேரி பிரியும் இடத்தில் நடுங்கள். இரவில் முகப்பு விளக்கு பட்டதும் அது தெரிய வேண்டும்.

அழைப்பு இப்படித்தான் வரும்: "ஏனுங்க, ஆம்புலன்ஸுங்களா? அப்பாருக்கு நெஞ்சு அடைக்குதுனு சொல்றாருங்க, வேர்த்துக் கொட்டுதுங்க, சீக்கிரம் வாங்க." பதற்றத்தில் இடத்தைச் சொல்லாமலேயே வைத்துவிடுவார்கள். எடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது சாளை எண். "பதறாதீங்க, வண்டி கெளம்பிருச்சுங்க. தகரத்துல என்ன நம்பருங்க? ஒருத்தர் டார்ச் எடுத்துட்டு இட்டேரி முக்குல நில்லுங்க, நாயைக் கட்டிப் போடுங்க. அப்பாரை நடக்க விடாம சாய்ஞ்சு உக்கார வெய்யுங்க." இந்த அளவு போதும். வண்டி நகர்ந்த பிறகு மற்றக் கேள்விகளைக் கேட்கலாம். எண் இல்லாத சாளையாகவோ உங்கள் எல்லைக்கு வெளியாகவோ இருந்தால், அல்லது வண்டி வேறு ஓட்டத்தில் இருந்தால், அந்த நொடியிலேயே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். அவர்கள் அழைக்கும் நிலையில் இல்லை என்றால் நீங்களே அழையுங்கள்.

மலைப்பகுதியில் கைபேசிச் சமிக்ஞை கிடைக்காத இடங்களைப் பதிவேட்டில் சிவப்பால் குறியுங்கள். சாலை இல்லாத மலைக்குடியிருப்புகளிலிருந்து தூளி கட்டித் தூக்கிவருவார்கள் என்றால், எந்த இடத்தில் வண்டி காத்திருக்கும் என்பதை அந்த ஊராரோடு முன்பே பேசி வைக்க வேண்டும். திம்பம் சாலையில் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. அவசர ஊர்திகளுக்கு விலக்கு உண்டு என்றாலும், வனத்துறைச் சோதனைச்சாவடிகளில் உங்கள் வண்டியை முன்னரே அறிமுகப்படுத்தி வைப்பது நிமிடங்களை மிச்சப்படுத்தும்.

எங்கே கொண்டு போவது?

அருகில் இருப்பது எல்லா நேரத்திலும் சரியான மருத்துவமனை ஆகாது. வெள்ளகோவிலில் இருந்து கரூருக்கும் போகலாம், ஈரோட்டுக்கும் போகலாம், திருப்பூருக்கும் போகலாம். வண்டி சாலையில் ஏறிய பிறகு இதை யோசிக்கக் கூடாது. கோவை, பெருந்துறை, திருப்பூர், நாமக்கல், கரூர், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கும், உங்கள் தாலுகா மருத்துவமனைக்கும் நேரில் சென்று, சி.டி. ஸ்கேன் இரவிலும் இயங்குகிறதா, இதய அடைப்பு நீக்கும் ஆய்வகம் உண்டா, குழந்தைகள் தீவிர சிகிச்சை உண்டா, பாம்புக்கடி மருந்தும் வென்டிலேட்டரும் உண்டா என்று கேட்டு ஒரு பக்கத்தில் அடங்கும் அட்டவணையாக்கி, மருத்துவ அலுவலர் ஒருவரிடம் காட்டி ஒப்புதல் பெற்று வண்டியில் ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திருத்துங்கள்.

மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால், வழியிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ் 2023 முதல் வழங்கப்படும் முதல் தவணை மாத்திரைகளைப் பெற்றுக்கொண்டு மேலே செல்லலாம். வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே அவகாசம் என்பதால், 'கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்' என்று கேட்டு மணியைக் குறித்துக்கொண்டு, சி.டி. ஸ்கேன் உள்ள இடத்துக்கு நேராகப் போக வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பதிவு பெற்ற அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அந்த மருத்துவமனைகளின் பட்டியல் வண்டியில் இருக்கட்டும், பணத்துக்காக வழியில் யாரும் தடுமாற வேண்டியதில்லை.

நம் வட்டாரத்து அவசரங்கள்

பாம்புக்கடியில் உதவியாளர் செய்ய வேண்டியவை குறைவு, செய்யவிடாமல் தடுக்க வேண்டியவை அதிகம். கயிறு இறுக்கக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் கட்டை வைத்துக் கட்டி, மோதிரம், கொலுசு, அரைஞாண் இருந்தால் கழற்றி, படுக்க வைத்தே கொண்டுசெல்ல வேண்டும். பாம்பைத் தேடி அடித்து எடுத்துவர வேண்டியதில்லை, ஏனென்றால் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான். தரையில் படுத்து உறங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, இமை தொங்கிப் பேச்சுக் குழறினால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் கட்டுவிரியனாக இருக்கலாம் என்று எண்ணுங்கள். மூச்சு அடங்கத் தொடங்கினால் ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) மூலம் மருத்துவமனை வரை மூச்சுக் கொடுத்துக்கொண்டே போனால் அவர் பிழைக்க வாய்ப்பு உண்டு. மருந்து எந்த நிலையத்தில் இருப்பு இருக்கிறது என்று வாரந்தோறும் தொலைபேசியில் கேட்டு வைப்பது உங்கள் பொறுப்பு.

பயன்பாட்டில் இல்லாத ஆழ்ந்த கிணற்றிலோ, சாயக்கழிவுத் தொட்டியிலோ, மலத்தொட்டியிலோ ஒருவர் இறங்கி மயங்கிவிட்டால், காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் இறந்துபோவது நம் பகுதியில் திரும்பத் திரும்ப நடக்கிறது. உங்கள் பணியாளர் எவரும் இறங்கக் கூடாது. 101-ஐ அழைத்து, தீயணைப்புத் துறையினர் மேலே கொண்டுவந்த பிறகே உங்கள் வேலை தொடங்குகிறது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நீரில் மூழ்கியவர்களுக்கான அழைப்பு வரும். மூச்சில்லாமல் எடுக்கப்பட்டவருக்கு வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயலாமல், முதலில் மூச்சுக் கொடுத்துவிட்டு நெஞ்சழுத்தத்தைத் தொடங்க வேண்டும்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்தவரைத் தோளையும் காலையும் பிடித்துத் தூக்கி வண்டியில் போடும் வழக்கத்தை நிறுத்தியே ஆக வேண்டும். கழுத்துப்பட்டை போட்டு, உருட்டிப் பலகையில் ஏற்றிக் கட்டிய பிறகே நகர்த்த வேண்டும். பல்லடம், சோமனூர் விசைத்தறிகளிலும், சோளத்தட்டு வெட்டும் மெஷினிலும் துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பையில் வையுங்கள். விரலில் ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு கெட்டுவிடும். துண்டான உறுப்பைத் திரும்பப் பொருத்துவதில் கோவையின் கங்கா மருத்துவமனை பெயர் பெற்றது, அப்படிப்பட்ட வசதி உள்ள இடத்துக்கே நேராகப் போக வேண்டும்.

பூச்சிமருந்து உடலில் பட்டவர் அல்லது குடித்தவர் என்றால் கையுறை போட்டு, நனைந்த துணியை அகற்றி, உடலைக் கழுவி, மருந்து டப்பாவை உடன் எடுத்துச் செல்லுங்கள். சோப்புத் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதை வீட்டாரிடம் உறுதியாகத் தடுங்கள். அந்த மனிதரைப் பற்றி ஊரில் ஒரு சொல்லும் வெளிவரக் கூடாது.

தைப்பூசத்தையொட்டிப் பழனிக்கு நடந்து போகும் பக்தர்கள் இரவில் சாலையோரம் நிறைந்திருப்பார்கள். பங்குனியில் பண்ணாரி அம்மன் குண்டம், ஆடியில் அந்தியூர்க் குருநாதசாமி தேர், இடையே ரேக்ளாப் பந்தயங்கள் என்று கூட்டம் கூடும் நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்து, வண்டியை நிறுத்தும் இடத்தைக் காவல்துறையோடு பேசிவையுங்கள். ஆனால் ஒரே வண்டியைத் திருவிழாவில் நிறுத்திவிட்டு ஊரைக் காலியாக விடாதீர்கள்.

ஆக்சிஜனும் அன்றாடச் சோதனையும்

பி வகைச் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் 150 நிமிடம் வரும். அழுத்தமானி பாதியைக் காட்டினால் 75 நிமிடம்தான். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்க 64 கிலோமீட்டர் வளைவுப் பாதை என்பதை நினைத்துப் பாருங்கள், பாதிச் சிலிண்டரோடு அங்கிருந்து புறப்படுவது அபாயம். தேவைப்படும் நேரத்தைப் போல் இரு மடங்குக்கு இருப்பு இல்லாமல் வண்டி நகரக் கூடாது என்று விதி செய்யுங்கள்.

ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் வருபவரும் போகிறவரும் சேர்ந்து சிலிண்டர் அழுத்தம், சளியை உறிஞ்சும் சக்ஷன் கருவியின் மின்னூட்டம், ஆம்பு பேக், இரத்த அழுத்தமானி, பல்ஸ் ஆக்சிமீட்டர், சர்க்கரை பார்க்கும் கருவியின் பட்டைகள், பிரசவப் பை, டயர், டீசல், சைரன் ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பெட்டியைத் திறக்காமலேயே எல்லாம் சரி என்று எழுதும் பழக்கம் எளிதில் தொற்றும். அதனால் நிர்வாகி ஒருவர் மாதத்தில் ஒருநாள் சொல்லாமல் வந்து பார்க்க வேண்டும்.

ஓட்டம் முடிந்ததும் ஸ்ட்ரெச்சரையும் தளத்தையும் கிருமிநாசினியால் துடைப்பது அடுத்த அழைப்பை எடுப்பதற்கு முந்தைய வேலை. ஊசிகளும் இரத்தம் பட்ட பஞ்சும் 2016ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி நிறம் பிரித்து அகற்றப்பட வேண்டியவை. இதற்கு அரசு மருத்துவமனையோடு எழுத்தில் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். இறந்தவர் உடலைக் கொண்டுசெல்ல இந்த வண்டியைக் கேட்பார்கள், ஊர்ப் பெரியவர்களே கேட்பார்கள். அமரர் ஊர்தி வேறு, இது வேறு என்று முதல் பொதுக்குழுவிலேயே தீர்மானம் போட்டுவிட்டால் பிறகு யாரோடும் முகம் முறிக்க வேண்டியிருக்காது.

பதிவுகளும் சட்டமும்

அழைப்பு வந்த நேரம், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், மருத்துவமனையில் ஒப்படைத்த நேரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, செய்த முதலுதவி ஆகியவை அடங்கிய தாளை இரண்டு படிகளாக எழுதி, ஒன்றை மருத்துவமனையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். விபத்திலோ சந்தேகத்துக்குரிய காயத்திலோ காவல்துறைக்காகக் காத்திருக்காமல் நோயாளியைக் கொண்டுசெல்லலாம். உயிர் காப்பதே முதல் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. உதவி செய்யும் பொதுமக்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு பாதுகாப்பளிக்கிறது. இதை ஊர்க்கூட்டங்களில் சொல்லிக்கொண்டே இருந்தால், அடிபட்டுக் கிடப்பவரைச் சுற்றி நின்று பார்ப்பவர்களில் ஒருவராவது இரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடிப்பார்.

மாதம் ஒருமுறை மருத்துவ அலுவலரை அழைத்து, தாமதமான ஓட்டங்களையும் இறப்பில் முடிந்தவற்றையும் எடுத்துவைத்துப் பேசுங்கள். குற்றவாளியைத் தேடும் கூட்டமாக அது மாறினால் பணியாளர்கள் அடுத்த மாதத்திலிருந்து உண்மையான நேரத்தை எழுத மாட்டார்கள். எந்த வழி சேறாக இருந்தது, எந்த எண் எடுக்கப்படவில்லை என்பதுதான் அங்கே பேசப்பட வேண்டியது.

வண்டி எஃப்.சி.க்கும் பட்டறைக்கும் போகும் நாட்களைக் குறைந்தது ஒரு வாரம் முன்பே ஊரில் அறிவித்துவிட வேண்டும். அந்த நாட்களில் உங்கள் எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுத்து 108-க்கு மாற்றிவிட ஓர் ஆள் இருக்க வேண்டும். பக்கத்தில் இதேபோல் ஓர் ஊர் அமைப்பு இருந்தால், ஒருவர் வண்டி நிற்கும்போது மற்றவர் வண்டி போவதாக எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அப்படிச் செய்தால் அவர்களுடைய தோட்டப் பதிவேட்டின் ஒரு படி உங்கள் வண்டியிலும், உங்களுடையது அவர்கள் வண்டியிலும் இருக்க வேண்டும், இரண்டு ஓட்டுநர்களும் மற்றவர் எல்லையைப் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.